ஒரு குவளைத் தண்ணீர்

தியானப் பகுதி: 1 கொரிந்தியர் 7:3-5, ரோமர் 14:13-21, மத்தேயு 10:42



இவ்வாரம் நான் எழுதும் பொருளைப் பிரசங்க பீடத்தில் நின்று பேச எனக்குத் துணிவில்லை. எழுதுவதற்கே ஓராண்டு தயங்கினேன். காரணம், இது என் இல்லறத்தைப் பற்றியது. என் மனைவியின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். எழுதியதை முதலில் வாசித்தவர் அவரே. இரண்டு வரிகளை அடித்துவிட்டு, "மத்ததெல்லாம் இருக்கட்டுங்க, யாருக்காவது உதவும்" என்றார்.

ஆராதனை முடிந்து தேநீரும் பிஸ்கட்டும் பரிமாறப்படும்போது, அவர் பிஸ்கட்டை வாங்குவதில்லை. தேநீரையும் வீட்டிலிருந்து கொண்டுவந்த சொந்தக் குவளையிலேயே பெற்றுக்கொள்கிறார். இதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். கிறிஸ்துமஸ் காலத்தில் உங்கள் வீட்டுக் கேக்கையும் அவர் கைகூப்பி மறுத்திருக்கிறார். பாஸ்டரம்மாவுக்குப் பெருமை வந்துவிட்டது என்று ஓரிருவர் எண்ணியதும் என் செவிக்கு எட்டியது. அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. நாங்கள் சொல்லாதபோது அவர்கள் எப்படி அறிவார்கள்?

என் மனைவிக்குச் சீலியாக் என்னும் நோய் இருக்கிறது. கோதுமையிலும் வாற்கோதுமையிலும் குளூட்டன் என்றொரு பசைப்புரதம் உண்டு. பரோட்டா மாவை இழுத்து வீசும்போது அது அறுந்துபோகாமல் விரிவதற்குக் காரணம் அந்தப் புரதமே. இந்நோய் உள்ளவர் அதை உண்டால், உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே திரும்பி நின்று சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. உணவின் சத்தை இழுத்துக்கொள்ளும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. பிறகு எத்தனை நல்ல உணவை உண்டாலும் சத்து உடலில் ஒட்டுவதில்லை. இதைக் குணமாக்கும் மருந்து இன்றளவும் இல்லை. குளூட்டனை வாழ்நாள் முழுவதும் விலக்குவதே சிகிச்சை.

இதைக் கண்டுபிடிக்க எங்களுக்குப் பதினோர் ஆண்டுகள் ஆயின. ஓயாத சோகை, வயிற்று உப்புசம், கைப்பிடியில் வந்துவிடும் தலைமயிர், எழுந்து நடக்க முடியாத அசதி என்று அவர் பாடுபட்டார். எத்தனை இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் இரத்தம் ஏறவில்லை. இரண்டு முறை கருவுற்றார். இரண்டு பிள்ளைகளையும் முகம் பாராமலே ஆண்டவர் கையில் ஒப்புக்கொடுத்தோம். கண்டறியப்படாத சீலியாக் நோய்க்கும் சோகைக்கும் கருச்சிதைவுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்பதைப் பிற்பாடுதான் அறிந்தோம். புதுச்சேரியில் ஒரு மருத்துவர், "கோதுமை சாப்பிட்டால் எப்படி இருக்கிறது?" என்று கேட்ட ஒற்றைக் கேள்வியிலிருந்து விடை பிறந்தது. முதலில் இரத்தப் பரிசோதனை. பின்பு குழாய் விட்டுக் குடலின் சிறு துணுக்கை எடுத்துப் பார்த்தார்கள். நோய் உறுதியாயிற்று.

நம் பக்கத்தில் இந்நோயை எளிதில் எவரும் நினைப்பதில்லை. கள்ளக்குறிச்சிச் சீமை நெல் விளையும் சீமை. அடுத்துள்ள உளுந்தூர்ப்பேட்டையின் பெயரிலேயே உளுந்து இருக்கிறது. அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லியில் குளூட்டன் இல்லை. கல்வராயன் மலையில் விளையும் சாமையிலும் தினையிலும் கேழ்வரகிலும் இல்லை. வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா ஆகிய மூன்று பகுதிகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்து 2016-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. தெற்கே அது நடைபெற்ற இடம் வேலூர். வடக்கே நூறு பேரில் ஒருவருக்கும் சற்று அதிகமாக இந்நோய் காணப்பட்டது. தெற்கே ஆயிரத்தில் ஒருவருக்கு. ஆனால் நோய்க்கு இடங்கொடுக்கும் மரபணுக்கூறு இரு பகுதிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. நாம் கோதுமை குறைவாக உண்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர் கருதினார்கள். இன்று நம் தட்டு மாறிவிட்டது. காலையில் ரவை உப்புமா, மாலையில் பிஸ்கட், இரவில் சப்பாத்தி, நெடுஞ்சாலையோரம் பரோட்டா. ஆகவே இது பிற நாட்டார் நோய் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

அடுக்களையை மாற்றுவது கடினமாக இருந்தாலும் முடிந்தது. தோசைக்கல் புதிதாயிற்று. ரவையும் சேமியாவும் மைதாவும் வெளியேறின. கடைப் பெருங்காயத்தில் மைதா கலந்திருக்கக்கூடும் என்றறிந்து அதையும் நிறுத்தினோம். ஒன்றை மட்டும் விட்டுவைத்தோம். அது என் சப்பாத்தி. எனக்குச் சர்க்கரை உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். சர்க்கரைக்காரருக்கு இரவில் சப்பாத்தியே நல்லது என்று ஊரெல்லாம் சொல்கிறதே, அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தேன். தனிக் கல்லில், தனி மூலையில், அது என் உரிமையாகத் தொடர்ந்தது.

மருத்துவமனையில் எங்களுக்குக் கொடுத்த தாளில் எதை உண்ணலாம், எதை உண்ணலாகாது என்று பட்டியல் இருந்தது. கணவனுடைய வாயைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. நாங்களும் வெட்கத்தால் கேட்கவில்லை.

ஓரிரவு உளுந்தூர்ப்பேட்டைக்கு அப்பால் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தை முடித்துவிட்டு, வழியில் பரோட்டா உண்டு, வீடு வந்து சேர்ந்தேன். என் மனைவி விழித்திருந்தார். அன்போடு நெருங்கினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வாய் கொப்பளிச்சிட்டு வாங்க" என்று மெல்லச் சொன்னார்.

பிரியமானவர்களே, என் பாவத்தை உங்களிடம் மறைக்கமாட்டேன். அந்தச் சொல்லில் இருந்த பயம் என் காதில் விழவில்லை. அருவருப்பு என்றே விழுந்தது. பதினெட்டு ஆண்டுத் துணை என்னை அசுத்தமானவனைப்போல் விலக்குகிறாரே என்று கொதித்தேன். நஞ்சும் விசுவாசிகளைச் சேதப்படுத்தாது என்ற பொருளில் மாற்கு சுவிசேஷத்தின் இறுதியில் வரும் வாக்குறுதியை எடுத்து, "இவ்வளவுதானா உன் விசுவாசம்?" என்று கேட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. எனக்கு இணங்கினார். இணக்கம் என்பது எப்போதும் சம்மதமன்று என்பதை அன்று நான் அறியவில்லை.

மறுநாள் முதல் மூன்று நாட்கள் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். அது என் வாயிலிருந்து வந்ததா, வேறெங்கேனும் கலந்ததா என்று இன்றும் என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அதன்பின் நடந்தது எனக்குத் தெரியும். அவர் தம் பாயைக் கூடத்துக்கு எடுத்துச் சென்றார். சண்டையில்லை, சத்தமுமில்லை. காலையில் காப்பி கொடுத்தார், ஞாயிறு தோறும் முன்வரிசையில் அமர்ந்து பாடினார். எங்களுக்குள் மட்டும் ஒரு கதவு சாத்திக் கிடந்தது. ஏழு மாதங்கள் அப்படியே கழிந்தன. அந்த ஏழு மாதமும் உங்கள் பிள்ளைகளின் திருமணங்களில் நின்று, கணவன் மனைவியின் ஐக்கியத்தைப் பற்றி நான் பிரசங்கித்துக்கொண்டிருந்தேன்.

அத்தகைய ஒரு திருமணச் செய்தியை ஆயத்தப்படுத்தும்போதுதான் ஆண்டவர் என்னைப் பிடித்தார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தைத் திறந்திருந்தேன். மனைவியின் சரீரத்தின்மேல் அதிகாரம் கணவனுக்கு உண்டு என்று அங்கே பவுல் சொல்வதைப் பல கணவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். அவர் அதோடு நிறுத்தவில்லை. அதே மூச்சில், கணவனுடைய சரீரம் கணவனுக்குச் சொந்தமன்று, அதன்மேல் அதிகாரம் மனைவிக்கு உண்டு என்றும் சொல்கிறார். அக்காலத்து உலகில் இப்படிச் சொன்னவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! நான் இருபது ஆண்டுகளாக அந்த வசனத்தின் முதற்பாதியையே பிரசங்கித்து வந்திருக்கிறேன்.

அன்று இரண்டாம் பாதி என்னிடம் பேசிற்று. உன் சரீரம் அவளுடையதானால் உன் வாயும் அவளுடையதல்லவா? அந்த வாய்க்குள் எதைப் போடுகிறாய் என்று கேட்க அவளுக்கு அதிகாரம் இல்லையா? கொப்பளித்துவிட்டு வா என்று அவள் சொன்னபோது, தனக்குரியதைத் தானே கேட்டாள்? என் உரிமையை அவள் மறுத்தாள் என்று நான் எண்ணியிருந்தேன். உண்மையில், அவளுடைய உரிமையை நான்தான் மிதித்திருந்தேன்.

தேவாலயத்தின் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று வேத வசனத்தையே காட்டிச் சோதனைக்காரன் நம் ஆண்டவரிடம் சொன்னான். அவர் குதிக்கவில்லை, தேவனைப் பரீட்சை பார்க்கலாகாது என்றார். நானோ என் மனைவியை உச்சியில் நிறுத்தி, குதி என்றேன். முத்தத்தைக் கொண்டு ஒருவரைக் காட்டிக்கொடுக்கவும் முடியும் என்பதைக் கெத்செமனேத் தோட்டம் நமக்குக் கற்பித்திருக்கிறதே!

அன்று மாலையே மன்னிப்புக் கேட்டேன். அவர் நெடுநேரம் அழுதார். பிறகு சொன்ன ஒன்று இந்தத் தியானத்தின் மையம். "நோயைக்கூடத் தாங்கிக்கிடலாங்க. ஒவ்வொரு தடவையும் நானே கேக்கணும் பாருங்க, அதுதான் தாங்கல. கேக்கும்போதெல்லாம் உங்கள வேண்டாங்கிற மாதிரியே இருக்கு."

நோயுள்ளவர் உணவில் மாத்திரம் சுமை சுமப்பதில்லை, கேட்பதிலும் சுமக்கிறார். விருந்து வீட்டில் இதில் என்ன சேர்த்தீர்கள் என்று கேட்க வேண்டும். கடையில் எந்த எண்ணெயில் பொரித்தீர்கள் என்று கேட்க வேண்டும். எல்லா இடத்திலும் கேட்டுக் களைத்து வருகிறவர், கேட்காமலே பாதுகாப்பாக இருக்கக்கூடிய ஓரிடம் பூமியில் வேண்டாமா? அந்த இடம் கணவனுடைய அணைப்பு இல்லையென்றால் வேறு எது?

பிறகு நாங்கள் இருவரும் மருத்துவரிடம் சென்று, வெட்கத்தை விட்டுக் கேட்டோம். அங்கே கற்றதையும் பின்னர் வாசித்து அறிந்ததையும் உங்களுக்கும் சொல்கிறேன். இது தொற்றுநோயன்று, தாம்பத்தியத்தால் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வருவதில்லை. குளூட்டன் விழுங்கப்பட்டால்தான் குடலைக் கெடுக்கும்; தோல் தோலைத் தொடுவதால் கெடுக்காது. ஆகவே கைகோத்தலுக்கும் அணைப்புக்கும் அஞ்ச வேண்டியதில்லை. கவனம் வேண்டியது வாயில். பல்லிடுக்கில் தங்கிய உணவு, உதட்டில் ஒட்டிய துணுக்கு, என்னைப் போன்றவர்களுக்கு மீசை!

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் உட்கொண்டபோதே நோயாளிகளின் குடற்சுவர் பழுதுபட்டதாக இத்தாலிய மருத்துவர்கள் 2007-இல் எழுதினார்கள். ஒரு ரொட்டித் துண்டில் ஏறக்குறைய 2 கிராம் குளூட்டன் உண்டு. அதை நாற்பதாகப் பிட்டால் ஒரு பங்குதான் இந்த 50 மில்லிகிராம். ஆகவே என் மனைவியின் பயம் கற்பனையன்று.

அதே வேளையில், பயத்துக்கு எல்லையும் உண்டு என்பதை அறிந்தோம். 2025-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடைபெற்ற ஒரு மருத்துவ மாநாட்டில், கொலம்பியா பல்கலைக்கழகத்தார் இதையே ஆராய்ந்து அறிவித்தார்கள். கணவன் மனைவியராகவும் இணையராகவும் பத்து ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்குச் சீலியாக். நோயில்லாதவர் பத்து உப்பு பிஸ்கட்டுகளை உண்டார். ஒருமுறை ஐந்து நிமிடம் காத்திருந்து முத்தமிட்டனர்; மறுமுறை ஒரு சிறு குவளைத் தண்ணீர் குடித்துவிட்டு முத்தமிட்டனர். பின்பு நோயுள்ளவரின் உமிழ்நீரில் குளூட்டனை அளந்தார்கள். உணவுக்குப் பின் அந்தச் சிறு குவளைத் தண்ணீரைக் குடித்தால், முத்தத்தால் கடக்கும் குளூட்டனைப் பாதுகாப்பான அளவுக்குக் குறைத்துவிடலாம் என்பதே அவர்கள் முடிவு. பத்து ஜோடிகள் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆகவே நாங்கள் பல் துலக்குவதையும் சேர்த்துக்கொண்டோம். ஆனாலும் அதைக் கேட்டபோது என் மனைவியின் முகத்தில் பல மாதங்களுக்குப் பின் ஒரு சிரிப்பைக் கண்டேன். "ஒரு டம்ளர் தண்ணிக்கா இத்தன நாளு?" என்றார்.

ஆம், ஒரு குவளைத் தண்ணீர். சிறியவர் ஒருவருக்குக் கொடுக்கப்படும் ஒரு குவளைத் தண்ணீரும் தன் பலனை இழந்துபோகாது என்று ஆண்டவர் சொன்னதை அன்று நினைத்தேன். கொடுப்பது மட்டுமல்ல, இன்னொருவருக்காகக் குடிப்பதும் அவர் கணக்கில் வரும் என்று நம்புகிறேன்.

இப்போது எங்கள் வீட்டில் சப்பாத்தி இல்லை. அதை விடும்படி என் மனைவி ஒருநாளும் கேட்கவில்லை. இரவில் அளவாகச் சாமைச் சோறும் நிறையக் காய்கறியும் எடுத்துக்கொள்கிறேன். மருத்துவரும் அதற்கு ஒப்புக்கொண்டார். வெளியூர் சென்றால் கொடுப்பதை உண்பேன். வீட்டுக்குத் திரும்பியதும் முகமும் மீசையும் கழுவி, பல் துலக்கி, பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடிப்பேன். யாரும் கேட்பதில்லை, யாரும் நினைவூட்டுவதில்லை. பானையில் செம்பு தட்டும் அந்த ஓசை அறைக்குள் கேட்கும். அந்த ஓசையே தனக்குப் போதும் என்கிறார் என் மனைவி. கூடத்திலிருந்த பாய் அறைக்குத் திரும்பி நாளாயிற்று.

என் உணவினால் சகோதரன் இடறுவானானால் அதை ஒருபோதும் உண்ணமாட்டேன் என்று பவுல் எழுதினார். போஜனத்துக்காக ஒருவரை அழித்துவிடாதே என்று ரோமருக்கும் எச்சரித்தார். விக்கிரகங்களுக்குப் படைத்ததையும் சுத்தம் அசுத்தம் என்ற வேறுபாட்டையும் பற்றி எழுந்த வழக்கு அது. ஆயினும் அதன் நெறி நம் அடுக்களைக்கும் படுக்கையறைக்கும் பொருந்துகிறது: உண்ணக் கூடியவனே விழிப்பாயிருக்க வேண்டும், உண்ணக் கூடாதவரைக் காவல் நிற்கவைக்கலாகாது.

திருவிருந்திலும் இதைக் கற்றுக்கொண்டேன். நம் அப்பம் கோதுமையால் ஆனது. அரிசிமாவில் தனியே ஓர் அப்பம் செய்து வைத்தோம். ஆனால் உங்கள் அனைவரின் கையிலும் கோதுமை அப்பத்தை வைத்த அதே விரல்களால் அதையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்! இப்போது நான் கைகழுவி வந்ததும் முதலில் வருபவர் என் மனைவி. போதகரின் மனைவி என்ற முதன்மை அதில் இல்லை. சுத்தமான விரல்கள் அவருக்கு வேண்டும், அவ்வளவே. கத்தோலிக்கத் திருச்சபையில் உங்களுக்கு உறவினர் இருந்தால் ஒன்று சொல்லுங்கள்: குளூட்டன் அறவே இல்லாத அப்பத்தை அங்கே ஏற்பதில்லை, மிகக் குறைந்த அளவுள்ள அப்பத்தை அனுமதிக்கிறார்கள் என்பதை 2017-இல் வத்திக்கான் மீண்டும் தெளிவுபடுத்தியது. தங்கள் பங்குத்தந்தையிடம் அவர்கள் கேட்கலாம்.

சபையாரே, ஓயாத சோகையும் வயிற்றுக் கோளாறும் உங்கள் வீட்டில் எவருக்கேனும் இருந்தால், மருத்துவரிடம் இந்நோயின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் சோதனையில் நோய் தெரியாமல் போகலாம். நோயாளியின் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோருக்கும் இது இருக்க வாய்ப்பு அதிகம். ஒருவர் உணவை மறுத்தால், "ஜெபம்பண்ணிச் சாப்பிடுங்கள், ஒன்றும் ஆகாது" என்று வற்புறுத்தாதீர்கள். அது விசுவாசமன்று, பிறருடைய உடலை வைத்து நாம் ஆடும் சூதாட்டம்.

கணவன்மாரே, மனைவிமாரே, உங்கள் வீட்டில் இந்நோய் இல்லாதிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போன ஒருவர் உங்கள் அருகிலேயே படுத்திருக்கலாம். இவ்வாரம் அவர் கேட்கும் முன்னே நீங்கள் செய்யக்கூடிய ஒரு சிறிய காரியம் எது? அதைக் கண்டுபிடித்துச் செய்யுங்கள். செய்ததைச் சொல்லிக் காட்டாதீர்கள். பானையில் செம்பு தட்டும் ஓசை போதும்.

ஜெபம்: அன்பின் ஆண்டவரே, எங்கள் உரிமையை அறிந்த அளவுக்கு எங்கள் கடமையை நாங்கள் அறியவில்லை. எங்களோடு வாழ்கிறவர்களின் பயத்தை அவிசுவாசம் என்று தூற்றிய எங்கள் நாவை மன்னியும். அவர்கள் கேட்பதற்கு முன்னே கொடுக்கும் அன்பை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில் உங்கள் போதகர்,
திருநாவலூர்